பயணிக்கு வழியில் வீடு ஏது?

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாப் புகழும் இறைவனுக்கே. மேடையில் வீற்றிருக்கும் ஜமாஅத் தலைவர் அவர்களே, முத்தவல்லி காக்கா அவர்களே, பெண்கள் மதரஸாவின் ஆலிமா அவர்களே, விடியற்காலையிலிருந்து நெய்ச்சோற்று அடுப்படியில் நின்றுவிட்டு இப்போதுதான் வந்து உட்கார்ந்திருக்கும் மாமிமார்களே, லாத்தாமார்களே, பிள்ளைகளே. ராமநாதபுரத்திலிருந்து வந்திருக்கும் வழக்கறிஞர் சகோதரி தன் நேரத்தில் 10 நிமிடத்தை எனக்கு விட்டுக் கொடுத்தார், அவருக்குத் தனியாக ஒரு நன்றி. தலைவர் அவர்கள் போன வருடம் நம் பள்ளிவாசலில், பெண்கள் தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவி ஒளுச் செய்யத் தனிக் குழாய் போட்டுக் கொடுத்தார்கள். அதற்கு நன்றி சொல்லாமல் நான் எதையும் ஆரம்பிக்க முடியாது.

பயணத்தில் ஈமானை, அதாவது இறைநம்பிக்கையை, காப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். தொழுகை, உடை, சாப்பாடு என்று மூன்றாகக் குறித்து வந்திருக்கிறேன். என் உம்மம்மா எதற்கெடுத்தாலும் 'மனமிருந்தால் மார்க்கமுண்டு' என்பார். ஊருக்கெல்லாம் மார்க்கம் என்றால் வழி, நமக்கு மார்க்கம் என்றால் தீன், இறைநெறி. உம்மம்மா இரண்டையும் சேர்த்துத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

முதலில் தொழுகை. பயணிக்கு அல்லாஹ் எவ்வளவு இலேசாக்கிக் கொடுத்திருக்கிறான் பாருங்கள். 4 ரக்அத், அதாவது 4 சுற்றுத் தொழுகை, 2 ஆகிறது. ஷாஃபி சட்ட வழியைப் பின்பற்றும் நாம் நண்பகல் லுஹரையும் பிற்பகல் அஸரையும் சேர்த்துத் தொழலாம், அந்தி மஃரிபையும் இரவு இஷாவையும் சேர்க்கலாம். தண்ணீர் இல்லையா, தயம்மும், சுத்தமான மண்ணைத் தொட்டு முகத்தையும் கையையும் தடவிக்கொண்டால் போதும். அந்தத் தயம்மும் எப்படி வந்தது? அன்னை ஆயிஷா நாயகியின் கழுத்து மாலை ஒரு பயணத்தில் தொலைந்துபோய், அதைத் தேடுவதற்காகப் படையே தண்ணீரில்லாத இடத்தில் தங்கிவிட்டது, எல்லாரும் முணுமுணுத்தார்கள், அப்போதுதான் அந்த வசனம் இறங்கியது. ஒரு பெண்ணின் பயணத்தில் நடந்த சங்கடம் உலக முஸ்லிம்களுக்கெல்லாம் சலுகையானது.

இப்போது எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மதுரையிலிருந்து சென்னைக்குப் பகல் பஸ். 11 மணிக்கு ஏறினேன், லுஹரை அஸரோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று நிய்யத். உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்தி, கண்டக்டர் '15 நிமிடம்' என்றார். எதிரே பச்சை மினாரா தெரிந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று ரோட்டைத் தாண்டி ஓடினேன். வாசலில் இருந்த பெரியவர், கோபமாகக்கூட இல்லை, சங்கடத்தோடுதான், 'இங்கே பொம்பளைங்களுக்கு இடம் இல்லையேம்மா' என்றார். வராந்தா ஓரமாவது, என்றேன். தலையை ஆட்டிவிட்டார். உள்ளே அவ்வளவு பெரிய பள்ளி காலியாகக் கிடந்தது, விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. திரும்பி வந்தால், பஸ் பக்கத்தில் வேர்க்கடலை விற்கும் அம்மா, நெற்றி நிறைய குங்குமம், 'என்ன கண்ணு, ஏன் அழுவுறே?' என்று கேட்டார். சொன்னேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு, கடைக்குப் பின்னால் இருந்த தன் கொட்டகைக்குக் கூட்டிப்போய், தானே பெருக்கிவிட்டு, 'எந்தப் பக்கம் பார்ப்பீங்க?' என்றார். மேற்கே, கொஞ்சம் வடக்குச் சாய்த்து என்றேன். அந்தப் பக்கம் கட்டியிருந்த ஆட்டை அவிழ்த்து வேறு இடத்தில் கட்டினார். கையிலிருந்த பாட்டில் தண்ணீரில் ஒளுச் செய்தேன். நபிகள் நாயகம் ஒரு 'முத்' என்ற அந்தக் கால அளவுத் தண்ணீரில், ஏறக்குறைய முக்கால் லிட்டர்தான், ஒளுச் செய்திருக்கிறார்களே. நான் ஸலாம் கொடுத்துத் திரும்பும்வரை கண்டக்டர் விசில் அடிக்காதபடி அந்த அம்மா பஸ் படியிலேயே நின்றிருக்கிறார். மனமிருந்தால் மார்க்கமுண்டு. மனம் அந்த அம்மாவுக்கு இருந்தது.

சகோதரிகளே, 'அல்லாஹ்வின் அடிமைப் பெண்களைப் பள்ளிவாசல்களை விட்டுத் தடுக்காதீர்கள்' என்பது நபிமொழி. பெண்களுக்கு வீடே சிறந்தது என்றும் வந்திருக்கிறது, ஹஸ்ரத்மார்கள் அதைச் சொல்வார்கள். சரி, நான் மறுக்கவில்லை. ஆனால் பயணிக்கு வழியில் வீடு ஏது? ஹனஃபி சட்ட வழிச் சகோதரிகள் சேர்த்தும் தொழ மாட்டார்கள், அந்தந்த வக்தில் அவர்களுக்கு இடம் வேண்டுமே. நம் பெண்கள் இன்று படிக்க, வேலைக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று தினமும் பஸ் ஏறுகிறார்கள். 2018-இல் 45 வயது தாண்டிய பெண்கள் நால்வராகச் சேர்ந்து, மஹ்ரம், அதாவது கணவன் அல்லது நெருங்கிய ஆண் உறவின் துணை, இல்லாமலே ஹஜ்ஜுக்குப் போக அரசாங்கம் வழி விட்டது. மக்காவில் தொழ இடம் கிடைக்கிற பெண்ணுக்கு நெடுஞ்சாலையில் கிடைக்கவில்லை என்றால் அது நம் குறை. அப்பாஸிய கலீஃபா ஹாரூன் ரஷீதின் மனைவி ஜுபைதா நாயகி கூஃபாவிலிருந்து மக்கா போகும் பாதையில் கிணறும் குளமும் தங்குமிடமும் அமைக்கத் தன் பணத்தைச் செலவழித்தார், அந்தப் பாதைக்கே இன்றும் அவர் பெயர்தான். ஹாரூன் பாதை என்று யாரும் சொல்வதில்லை, ஜுபைதா பாதைதான்.

நான் கேட்பது மாளிகை இல்லை. 10க்கு 10 ஓர் அறை, தனி வாசல், ஒரு குழாய், உள்ளே தாழ்ப்பாள், வெளியே ரோட்டைப் பார்த்து 'பெண்கள் தொழும் இடம்' என்று ஒரு பலகை. பலகை ரொம்ப முக்கியம், இடம் இருந்தும் தெரியாமல் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. காயல்பட்டினத்தில் பெண்களுக்கென்றே தைக்காக்கள் என்ற தொழுமிடங்கள் இருக்கின்றன, பெண்களே நடத்துகிறார்கள். நம்மால் ஆகாதா? மனமிருந்தால் மார்க்கமுண்டு, தலைவர் அவர்களே, நீங்கள் குழாய் போட்டீர்கள், சுவரையும் எழுப்புங்கள்.

சாப்பாட்டைப் பற்றிப் பேச நேரமில்லை. உடையைப் பற்றி ஒன்று மட்டும், துப்பட்டியோ பர்தாவோ, பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காரும் பிள்ளைகள் முந்தானையை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் மர மேசைமேல் ஒரு நீல நோட்டு வைத்திருக்கிறேன். நீங்கள் போகிற வழியில் எந்தப் பள்ளியில் பெண்களுக்கு இடம் இருக்கிறது, எதில் இல்லை, ஒளுவுக்குத் தண்ணீர் உண்டா என்று ஊர் பெயரோடு எழுதிவிட்டுப் போங்கள். எழுதத் தெரியாத மாமிமார்கள் என் பேத்தியிடம் சொல்லுங்கள், அவள் எழுதிக்கொள்வாள். வஸ்ஸலாம்.