சரிவுதான் எஞ்சின்

நண்பர்களே, வேல்ஸின் ஃபெஸ்டினியாக் ரயில்பாதையைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் முதலில் அதன் அகலத்தைச் சொல்வார்கள். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 597 மில்லிமீட்டர், ஏறக்குறைய 2 அடி. என்னைக் கேட்டால், அந்தப் பாதையின் உயிர் சரிவில்தான் இருக்கிறது. அகலம் அதற்கு வேலைக்காரன்.

1836-ல் பாதை திறந்தபோது எஞ்சின் கிடையாது. பிளைனாய் மலையில் வெட்டிய சிலேட் கற்களைப் போர்த்மடாக் துறைமுகத்துக்கு இறக்க வேண்டும். தூரம் சுமார் 13 மைல். ஏறத்தாழ 80 அடிக்கு 1 அடி இறக்கம். கணக்குப் போட்டால் ஒரு டன்னுக்குப் பன்னிரண்டரை கிலோ இழுவிசை சும்மா கிடைக்கிறது. சக்கர உராய்வை மீறி வண்டி தானாக உருள அது போதும். பிரேக்காரர்கள் வண்டிகளின் மேலேயே ஏறிக்கொண்டு வேகத்தை அடக்குவார்கள். காலி வண்டிகளை மேலே இழுக்க மட்டும் குதிரைகள். இறங்கும்போது அந்தக் குதிரைகளுக்கும் வண்டி உண்டு! ரயிலின் கடைசியில் கோர்த்த தனிப்பெட்டியில் நின்று புல் தின்றுகொண்டே வரும். வேலை பார்த்தவனுக்கு ஓசிப் பயணம், நியாயம்தானே?

இப்படி உருள வேண்டுமானால் பாதை நடுவில் எங்கும் மேடேறக் கூடாது. மலை வளைகிற இடமெல்லாம் பாதையும் வளைய வேண்டும். அகலப் பாதைக்கு அவ்வளவு இறுக்கமான வளைவு ஒத்துவராது. குறுகிய பாதைக்கு ஒத்துவந்தது. தொடக்கத்தில் மோயல்வின் மலை மட்டும் குறுக்கே நின்றது. அதன்மேல் வண்டிகளை ஏற்றி இறக்கினார்கள். 1842-ல் சுரங்கப்பாதை வெட்டி முடித்த பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது.

அப்புறம் 1863-ல் நீராவி வந்தது. சரக்கு பெருகப் பெருக, சிறிய எஞ்சின்கள் திணறின. பெரிய எஞ்சின் போட்டால் வளைவில் திரும்பாது. பொறியாளர் ராபர்ட் ஃபேர்லி வடிவமைத்த எஞ்சின் 1869-ல் வந்து இதற்கு வழி காட்டியது: இரு முனையிலும் புகைபோக்கி, அடியில் தனித்தனியாகத் திரும்பும் இரண்டு சக்கரத் தொகுதிகள். அடுத்த ஆண்டே ரஷ்யாவிலிருந்து ஒரு குழு வந்து பார்த்தது. எஞ்சின் வந்த பிறகும் சிலேட் வண்டிகள் இறங்குவதற்குச் சரிவையே நம்பின. 1939 வரை அப்படித்தான்.

1946-ல் பாதை மூடப்பட்டது. ஆர்வலர்கள் 1955 முதல் மீண்டும் ஓட்டத் தொடங்கினார்கள். ஆனால் வழியில் தானிகிரிஷியாவில் மின்நிலைய நீர்த்தேக்கம் எழும்ப, பழைய தடம் தண்ணீருக்குள் போனது. தன்னார்வலர்கள் துவாஷ்ட் அருகே பாதையைத் திருகுபோல் சுற்றவைத்து உயரத்துக்கு ஏற்றினார்கள். 1982-ல் ரயில் மறுபடி பிளைனாயைத் தொட்டது. ஆனால் புதிய தடம் நடுவில் ஏறி இறங்குகிறது. அதனால் மேலிருந்து கடல்வரை ஒரே உருட்டாக வருவது இப்போது நடக்காது.