லெட்டர் பொட்டியில என் பேரு

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் நம்ம இலங்கையில பொகவந்தலாவ பக்கம் ஒரு தேயிலத் தோட்டத்துல பொறந்து வளந்தவ, இப்ப ஜப்பான்ல ஷிசுவோக்கா பக்கம் வயசானவங்கள பாத்துக்குற ஹோம் ஒண்ணுல வேல செய்றேன், லீவுக்கு வந்த எடத்துல பேசச் சொல்லி கூப்ட்டாங்க. 2019ல இலங்கையும் ஜப்பானும் ஒப்பந்தம் போட்டதுக்கு அப்புறம் இப்பிடி வேலைக்குப் போற வழி தொறந்துச்சு, நம்ம புள்ளைங்களும் பாஷ படிச்சு டெஸ்ட் எழுதிட்டு வர்றாங்க, அவங்க வீட்டு ஆளுங்க கேட்டுட்டு இருப்பீங்கன்னுதான் பேசுறேன்.

ஏர்போட்டுல எறங்குனதும் ரெசிடென்ஸ் கார்டுன்னு ஒண்ணு குடுப்பாங்க, வெளிய போனா அது எப்பவும் கையில இருக்கணும். குடியிருக்க ரூம் கெடச்சு 14 நாளுக்குள்ள அந்த ஊரு சிட்டி ஒஃபிஸ்ல போயி அட்ரஸ் பதியணும், இத மட்டும் தள்ளிப் போட்டுறாதீங்க, பேங்க்கு, ஃபோனு எல்லாத்துக்கும் அந்த அட்ரஸத்தான் கேப்பாங்க. நான் போனப்ப கவுன்டர்ல இருந்தவங்க கார்ட வாங்கி, திருப்பி, பின்பக்கத்துல அட்ரஸ அடிச்சுக் குடுத்தாங்க. அங்க அனேகமா தெருவுக்குப் பேரு கெடையாது, ஏரியா பேரும் ப்ளொக் நம்பரும்தான், கடைசில ரூம் நம்பர் 203. அதையே பாத்துக்கிட்டு நின்னேன்.

ஏன்னா அதுவரைக்கும் எனக்குன்னு ஒரு அட்ரஸ் இருந்ததே இல்ல. தோட்டத்துப் பேரு, டிவிஷன் பேரு, அவ்ளோதான். லயத்துக்கு, அதான் வரிசையா ஒட்டிக் கட்டுன தோட்டத்து வீடுங்களுக்கு, வர்ற கடுதாசி எல்லாம் தோட்டத்து ஒஃபிஸுக்குப் போவும், அங்கருந்து யாராச்சும் கொண்டாந்தாத்தான் உண்டு. எங்க அண்ணனுக்கு வந்த இன்டர்வியூ லெட்டர் தேதி முடிஞ்சு நாலு நாள் கழிச்சுத்தான் கைக்கு வந்துச்சு, அவரு அத மடிச்சு சாமி படத்துக்குப் பின்னால சொருகி வச்சாரு, இன்னும் அங்கதான் இருக்கு.

குப்ப போடுறதுதான் மொத மாசம் என்னைய அழ வச்சது. எரியுற குப்ப ஒரு நாளு, பிளாஸ்டிக் ஒரு நாளு, டின்னு போத்தலு வேற நாளு, எல்லாம் காலையில எட்டு மணிக்குள்ள. மாத்திப் போட்டா ஸ்டிக்கர் ஒட்டி அங்கயே வுட்டுட்டுப் போயிருவாங்க. என் குப்பப் பைய கீழ் வீட்டு பாட்டி எடுத்துட்டு வந்து, திட்டல, ஒரு கலண்டர்ல முட்டக்கோது, மீன்முள்ளு, போத்தலுன்னு படம் வரஞ்சு அந்தந்த நாளுல காட்டிக் குடுத்தாங்க. அவங்கதான் லெட்டர் பொட்டியில பேரு எழுதணும்னும் சொன்னது, இல்லாட்டி தபால்காரரு இங்க யாரு இருக்கான்னு தெரியாம திருப்பிக் கொண்டு போயிருவாராம். ஒரு துண்டு பேப்பர்ல அவங்க எழுத்துல என் பேர எழுதிச் சொருகுனேன். அடுத்த வாரம் பேங்க் கார்ட் வந்துச்சு, தபால்காரரு கதவுகிட்டயே வந்து என் பேரச் சொல்லி கையெழுத்து வாங்குனாரு.

ஷிசுவோக்கா தேயிலைக்குப் பேரு போன எடமுங்க. வேலி மாதிரி வரிசையா செடி, பனி விழாம இருக்க கம்பத்துல ஃபேன் போட்டு வச்சிருக்காங்க, ரெண்டு பேரு மெஷின ஆளுக்கொரு பக்கம் புடிச்சு நடந்தே கொழுந்த வெட்டிக்கிட்டு போறாங்க. நம்ம ஸ்டோர்ல, அதான் தேயில ஃபெக்டரியில, மொதல்ல கொழுந்த வாட்டுவாங்க, அங்க வெட்டுன கையோட ஆவியில அவிச்சுர்றாங்க, அதான் தேத்தண்ணி பச்சையாவே இருக்கு. எங்க தோட்டத்துல 18 கிலோ எடுத்தாத்தான் அம்மாவுக்கு முழுப் பேரு, அதாவது முழு நாள் சம்பளம், கூடைய முதுகுல போட்டுக்கிட்டு சரிவுல நிக்கிற அம்மாதான் அங்க எனக்கு ஞாபகம் வந்தாங்க.

இப்ப வந்து பாத்தா எங்க லயத்துக் கதவுல இன்னும் நம்பர் இல்ல. காச பேங்க்ல போட்டுறலாம், ஒரு கம்பளியோ மருந்தோ பார்சல்ல அனுப்பணும்னா டவுன்ல தெரிஞ்ச கடக்கார அண்ணன் அட்ரஸுக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கு. அத எடுக்க அம்மா ஒரு நாள் பேர வுட்டுட்டு பஸ் ஏறிப் போறாங்க.

வணக்கமுங்க.