நாக்கில் ஈ ஒட்டவில்லை, தப்பு பவுடரில் இருந்தது

எல்லாருக்கும் வணக்கம். கேமராவைத் தொட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறேன், அந்த இலைக்குக் கீழே நீலமாகத் தெரிகிறதே, அவள்தான். டிங்டோரியஸ் வகை டார்ட் தவளை, அதாவது விஷ அம்புத் தவளை.

போன வருடம் இவள் நான் இரையாகப் போடும் பழ ஈயைப் பார்ப்பாள், குறிவைப்பாள், நாக்கை நீட்டுவாள், நாக்கு ஈ மேல் படவும் செய்யும், ஆனால் ஈ ஒட்டாது. நாலைந்து தடவை முயன்றுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடுவாள். பசியில்லை போல என்று நான் ஒரு வாரம் சும்மா இருந்துவிட்டேன். அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு கஷ்டமாக இருக்கிறது. இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்த பிறகுதான் தவளை பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் கொண்டுபோனேன். வைட்டமின் ஏ குறைபாடு என்றார். அது குறைந்தால் நாக்கில் பசை சுரக்கும் சுரப்பிகள் கெட்டுப்போய், பிடிப்பே இல்லாமல் போய்விடும்.

நான் தினமும் சத்துப் பவுடர் தூவித்தானே ஈ போட்டேன்? டப்பாவை எடுத்துப் பார்த்தால், திறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. காற்றும் ஈரமும் பட்டால் வைட்டமின் செத்துவிடும், பார்க்க மட்டும் பவுடர் பவுடராகவே இருக்கும். இப்போது திறந்த தேதியை மூடியிலேயே எழுதுகிறேன், 6 மாதம் ஆனால் மிச்சம் எவ்வளவு இருந்தாலும் குப்பைக்குத்தான்.

பழ ஈயில் கால்சியம் ரொம்பக் குறைவு, பாஸ்பரஸ்தான் அதிகம், அதனால் வெறும் ஈயை எவ்வளவு போட்டாலும் தவளையின் எலும்பு மெலிந்துவிடும், கால் நடுங்க ஆரம்பிக்கும். கால்சியமும் வைட்டமின் டி3-யும் கலந்த பவுடரை ஒவ்வொரு வேளையும் தூவுங்கள். வைட்டமின் ஏ-வை மட்டும் மாதம் ஒன்றிரண்டு தடவையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது உடம்பில் தங்கும், கூடினாலும் கெடுதல். வாங்கும்போது ரெட்டினால் என்று போட்டிருக்கிறதா பாருங்கள், அதுதான் நேரடி வைட்டமின் ஏ; உடம்பு வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ள வேண்டிய பீட்டா கரோட்டினை மட்டும் நம்பாதீர்கள்.

அப்புறம், ஈயை எண்ணிப் போடுங்கள். கொஞ்ச நேரத்தில் ஈ தன் மேல் உள்ள பவுடரைத் தானே துடைத்துவிடும், மிஞ்சிய ஈயைத் தவளை சாயங்காலம் தின்றால் அது வெறும் ஈதான். குட்டித் தவளைக்கு ஹைடெய் என்ற பெரிய வகைப் பழ ஈ வேண்டாம், மெலனோகாஸ்டர் என்ற சின்ன வகைப் பழ ஈயும், ஸ்பிரிங்டெயில் என்ற மண்ணில் வாழும் குட்டி உயிரியும் போதும். ஈ வளர்க்கும் டப்பா எப்போதும் இரண்டு மூன்று இருக்கட்டும், ஒன்றில் பூச்சி விழுந்தால் மொத்தமும் போய்விடும்.

விஷத் தவளையாச்சே என்று பயப்படுபவர்களுக்கு: காட்டில் தின்னும் எறும்பிலிருந்தும் சிற்றுண்ணியிலிருந்தும்தான் அதற்கு விஷம் சேர்கிறது. தொட்டியில் பிறந்து பழ ஈ தின்று வளர்ந்ததற்கு அது கிடையாது. ஆனாலும் கையில் எடுக்காதீர்கள், நம் கை உப்பும் சோப்பும் அதன் தோலுக்கு ஆகாது.

வெப்பம் 22 முதல் 25 டிகிரி. 29-ஐத் தாண்டினால் உடனே குளிர்விக்கப் பாருங்கள். தெளிக்கும் தண்ணீரில் குளோரின் இருக்கக் கூடாது.

சரி, இப்போது ஈ போடுகிறேன். மூடியைத் திறந்ததுமே பின்னங்கால் விரலைத் தட்டுகிறாள் பாருங்கள், அது வேட்டைக்குத் தயார் என்று அர்த்தம். ம்... பிடித்துவிட்டாள். ஒரே தடவையில்!