தொட்டி நிறையத் தண்ணீர், குதிரைக்குத் தாகம்

நேயர்களுக்கு வணக்கம். கனடாவின் ஒன்ராறியோவில், பீற்றர்பரோவுக்கு வடக்கே ஒரு சின்னப் பண்ணையில் 11 குதிரைகளைப் பராமரித்து வருகிறேன். நான்கு என்னுடையவை. மற்றவை பிறருடையவை, மாதக் கட்டணத்துக்கு என்னிடம் விட்டிருக்கிறார்கள். ரொறன்ரோவிலிருந்து வருகிற நம்மவர்கள் வேலியோரம் காரை நிறுத்தியதும் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணை, பாவம், இதுகளுக்குக் குளிராதா?"

அதை முதலில் முடித்துவிடுகிறேன். நல்ல உடம்பும் இந்த நாட்டுக் குளிர் பழக்கமும் உள்ள குதிரை, நனையாமல் இருந்தால், காற்றுக்கு ஒதுங்க ஒரு கொட்டிலும் இருந்தால், சைபருக்குக் கீழே 15 பாகையைச் சாதாரணமாகத் தாங்கும். ஜூன் 21 கழிந்து பகல் குறையத் தொடங்கியதுமே அதன் உடம்பு குளிர்கால உரோமத்துக்கு ஆயத்தமாகிவிடுகிறது. நாங்கள் அரைக்கைச் சட்டையோடு திரிகிற காலம் அது. குளிர் வந்ததும் அந்த உரோமம் நிமிர்ந்து நின்று, இடையில் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முதுகில் விழுந்த பனி உருகாமல் கிடப்பதைக் கண்டு மனம் வருந்துகிறார்கள். உள்ளே இருக்கிற சூடு வெளியே போகவில்லை என்பதற்கு அந்தப் பனியே சாட்சி. நான் பயப்படுவது வேறு நாட்களுக்கு. சைபருக்கு மேலே இரண்டு, மூன்று பாகை, மழை, கூடவே காற்று: அன்றைக்கு உரோமம் நனைந்து உடம்போடு ஒட்டிவிடும். அப்போது கிழட்டுக் குதிரைக்கும் மெலிந்த குதிரைக்கும் போர்வை கட்டாயம். கண்ணால் பார்த்து மெலிவைக் கண்டுபிடிக்க முடியாது, உரோமம் மறைத்துவிடும். கையுறையைக் கழற்றிவிட்டு விலாவை அழுத்தித் தடவிப் பார்க்க வேண்டும்.

குளிருக்கு அடுப்பு குதிரையின் வயிற்றுக்குள்ளேயே எரிகிறது. காய்ந்த புல் பின்குடலில் நொதிக்கும்போது சூடு வருகிறது. 500 கிலோ குதிரைக்கு வழக்கமாக நாளுக்கு 8 முதல் 10 கிலோ புல் வைப்பேன், கடுங்குளிரில் 12 கிலோ வரை போகும். ஆனால் இந்த அடுப்புக்கு விறகு மட்டும் போதாது, தண்ணீரும் வேண்டும். நான் இன்று சொல்ல வந்ததே அந்தத் தண்ணீரைப் பற்றித்தான்.

நான் யாழ்ப்பாணத்து நெடுந்தீவில் பிறந்தவன். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வந்த குதிரைகளின் வழிவந்தவை அங்கே வெளியில் கட்டாக்காலியாக நிற்பதைப் பார்த்து வளர்ந்தேன். கோடை நீண்டு குட்டைகள் வற்றினால் அவை தாகத்தால் சாகும். சுற்றிவரக் கடல், குடிக்க ஒரு மிடறு இல்லை. இங்கே வந்தபோது, இனி அந்தக் கவலை இல்லை என்று நினைத்தேன். கால் வைக்கிற இடமெல்லாம் பனி, அதுவும் தண்ணீர்தானே? பத்து வாளி பனியை உருக்கினால் ஏறக்குறைய ஒரு வாளி தண்ணீர்தான் தேறும். பெரிய குதிரைக்கு நாளுக்கு 25 முதல் 45 லீற்றர் வேண்டும். கோடையில் பச்சைப் புல்லில் முக்கால் பங்கு தண்ணீர், மேயும்போதே பாதித் தாகம் தீர்ந்துவிடும். காய்ந்த புல்லில் அது பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். தாகம் கூட வேண்டிய காலத்தில், தண்ணீர் சில்லிட்டுக் கிடப்பதால் குதிரை குறைவாகக் குடிக்கிறது. குதிரையின் பெருங்குடல் ஓரிடத்தில் கொண்டை ஊசி போலத் திரும்பி ஒடுங்குகிறது. ஈரமில்லாத புல் அங்கேதான் இறுகி அடைக்கும். குதிரையால் வாந்தியும் எடுக்க முடியாது.

என்னுடைய இரண்டாவது குளிர்காலம், பெப்ரவரி. தொட்டி உறையாமலிருக்க ஒரு மின் ஹீற்றர் போட்டிருந்தேன். மூன்று நாட்களாகத் தொட்டி விளிம்பு வரை நிறைந்திருந்தது. ஐஸ் இல்லை, குறையவும் இல்லை. எனக்குச் சந்தோஷம், வேலை குறைந்தது என்று. நாலாம் நாள் காலை செல்லி என்ற பெண் குதிரை புல்லைத் தொடவில்லை. படுத்தாள், எழும்பினாள், கழுத்தைத் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தாள். கிடந்த இலத்தி சின்னச் சின்ன உருண்டைகளாக, கல்லுப்போல, மேலே சவ்வு படிந்திருந்தது. மிருக வைத்தியர் வந்து மூக்கு வழியே குழாய் விட்டு உப்புக் கரைத்த இளஞ்சூட்டுத் தண்ணீரை வயிற்றுக்குள் இறக்கினார். இறக்கிக்கொண்டே கேட்டார்: "நேற்று இவள் எத்தனை லீற்றர் குடித்தாள்?" என்னிடம் பதில் இல்லை.

பக்கத்துப் பண்ணைப் பெரியவர் வந்தார். அறுபது குளிர்காலம் பார்த்த மனிதர். நான் தண்ணீருக்குள் கையை விட்டுக் காட்டினேன், ஒன்றும் தெரியவில்லை என்றேன். என் காலிலிருந்த றப்பர் சப்பாத்தைப் பார்த்துவிட்டு, வோல்ட்மீற்றர் ஒன்றை எடுத்து வந்தார். ஒரு முனையைத் தண்ணீரில் விட்டார், மறு முனையை நிலத்தில் குத்தினார். எண் ஏறியது. ஹீற்றரின் வயரில் கசிவு. எனக்கு றப்பர் இருந்தது, குதிரைகளுக்கு ஈரப் பனியில் இரும்பு லாடம். வாயை வைத்த ஒவ்வொரு முறையும் சிறு அதிர்ச்சி வாங்கி, தண்ணீரையே வெறுத்துவிட்டிருந்தன. தாகத்தோடு நிறைந்த தொட்டியைப் பார்த்துக்கொண்டு மூன்று நாள் நின்றிருக்கின்றன. அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

அடுத்த நாள் மாலை செல்லி இலத்தி போட்டாள். அன்றிலிருந்து கணக்கு எழுதுகிறேன். தொட்டியில் கோடுகள் போட்டிருக்கிறேன், மட்டம் குறையாவிட்டால்தான் ஓடிப்போய்ப் பார்ப்பேன். வோல்ட்மீற்றரால் வாரம் ஒரு தடவை சோதனை. காலை 5 மணிக்கும் இரவு 10 மணிக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாளி இளஞ்சூட்டுத் தண்ணீர். சில்லென்ற தண்ணீரை முகர்ந்துவிட்டு விலகுகிற குதிரை இதை உறிஞ்சி முடித்துவிட்டு வாளியின் அடியை நக்கும். தீனியில் இரண்டு மேசைக்கரண்டி உப்பு. உப்பு தாகத்தைக் கிளப்பும், ஆனால் தண்ணீர் உறைந்து கிடக்கும்போது உப்பை மட்டும் வைத்தால் அது கொடுமை.

வெளிக் குழாய்களைப் பற்றியும் ஒரு சொல். இங்கே நிலம் நாலடி ஆழம் வரை உறையக்கூடும். அதனால் குழாயின் வால்வு அதற்கும் கீழே இருக்கும், மூடியதும் மேலே நிற்கிற தண்ணீர் கீழே வடிந்துவிடும். ரப்பர் ஹோஸைக் கழற்ற மறந்தால் வடியாது, விடிய முன்னம் குழாய் வெடித்திருக்கும். புதிதாகப் பண்ணை வாங்குகிறவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது இதில் மாட்டுப்படுகிறார்கள்.

அப்புறம், மின்சாரம். கிணற்று மோட்டர் ஓடினால்தான் எங்களுக்குத் தண்ணீர். 1998 ஜனவரியில் கிழக்கு ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் நாட்கணக்கில் உறைமழை பெய்து, மின்கோபுரங்களே மடிந்து விழுந்தன. சில ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. பெரியவர் அந்தக் கதையைச் சொல்லித்தான் என்னை ஜெனரேட்டர் வாங்க வைத்தார். காற்றெச்சரிக்கை வந்தால் இருக்கிற தொட்டி, பீப்பாய் எல்லாவற்றையும் நிரப்பி வைப்பேன்.

இன்றிரவு சைபருக்குக் கீழே 27 என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த ஒலிபரப்பு நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஒன்றரை மணி நேர ஓட்டம், பத்து மணி வாளிக்கு நான் அங்கே நிற்க வேண்டும். பெரியவர் எனக்கு இன்னொன்றும் காட்டித் தந்தார். குதிரை குடிக்கும்போது காதைப் பார் என்றார். ஒவ்வொரு மிடறு இறங்கும்போதும் காது லேசாக முன்னும் பின்னும் அசையும். மங்கல் வெளிச்சத்திலும் தெரியும். செல்லிக்கு இப்போது 17 வயது. அவள் வாளிக்குள் மூக்கை விட்டதும் நான் மூச்சுவிடாமல் நின்று அந்தக் காதை எண்ணுவேன். நாற்பதைத் தாண்டினால் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போவேன்.

வணக்கம்.