செயின் ஒரு இடத்துல விறைப்பு, ஒரு இடத்துல தொளதொள: எந்த அளவை நம்புறது?

அடுத்த கேள்வி. "பைக் செயினை நானே டைட் பண்றேன். ஒரு வீடியோல 20 மில்லிமீட்டர் தொய்வு விடச் சொல்றாங்க, இன்னொண்ணுல 35ங்கிறாங்க. நடுவுல 25 வச்சேன். ஆனா சக்கரத்தைச் சுத்தினா ஒரு இடத்துல விறைப்பா நிக்குது, இன்னொரு இடத்துல தொளதொளன்னு இருக்கு. சர்வீஸ் மேனுவலும் கையில இல்ல. எதை நம்புறது?"

ரெண்டு வீடியோவுமே சரியா இருக்கலாங்க. அளவைச் சொன்னவங்க, வண்டி எப்படி நின்னப்போ அளந்தாங்கன்னு சொல்லாம விட்டிருப்பாங்க. அங்கதான் சிக்கல்.

தொய்வு எதுக்கு விடுறோம்? பள்ளத்துல இறங்கும்போது பின்பக்கம் அமுங்குது, பின் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற ஸ்விங் ஆர்ம் மேல வருது. முன் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடுற பல் சக்கரம்), ஸ்விங் ஆர்ம் மாட்டியிருக்கிற போல்ட், பின் ஆக்சில் (பின் சக்கரத்தோட அச்சு) இந்த மூணும் ஒரே நேர்கோட்டுக்கு வர்ற கணத்துல ரெண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் இடையில தூரம் அதிகபட்சமா இருக்கும். செயின் அப்பதான் விறைக்கும். நாம விடுற தொய்வு அந்த ஒரு கணத்துக்காகத்தான். சென்டர் ஸ்டாண்டுல பின் சக்கரம் தொங்குது. சைடு ஸ்டாண்டுல வண்டியோட எடையே ஸ்பிரிங்கை அமுக்குது. ஒரே செயினை ரெண்டு விதமாவும் அளந்து பாருங்க, ரெண்டு அளவு வரும். அதனால 25ங்கிற எண் மட்டும் போதாது. "சைடு ஸ்டாண்டுல, நியூட்ரல்ல, ஆள் உட்காராம"ன்னு பக்கத்துல ஒரு வரி இருக்கும் பாருங்க, அதையும் சேர்த்துப் படிக்கணும். அளவு பெரும்பாலும் ஸ்விங் ஆர்ம் மேல ஸ்டிக்கராவே ஒட்டியிருக்கும். மண்ணைத் துடைச்சுட்டுத் தேடுங்க.

அளக்கிறதுலயும் ஒரு தப்பு நடக்குது. கீழ் வரிசையில, ரெண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நட்டநடுவுல, விரலால கீழ அழுத்தி ஒரு தடவை, மேல தூக்கி ஒரு தடவை பார்க்கணும். அந்த ரெண்டுக்கும் இடைப்பட்ட மொத்த தூரம்தான் தொய்வு. சும்மா தொங்குற இடத்துல இருந்து மேல மட்டும் தூக்கி 25 வச்சீங்கன்னா, செயின் நீங்க நினைக்கிறதை விட லூஸா இருக்கும்.

இப்ப உங்க முக்கியமான பிரச்சினை. விறைப்பான இடம் செயின்ல இருக்கா, ஸ்ப்ராக்கெட்லயான்னு பிரிச்சுப் பார்க்கணும். சாக்பீஸ் எடுத்து, விறைப்பு வரும்போது டயர்ல ஒரு கோடு, செயின்ல ஒரு கோடு போடுங்க. இன்ஜின் ஆஃப்ல, நியூட்ரல்ல, கையாலதான் சுத்தணும். இன்ஜினை ஓட விட்டு செயினைத் தொடுறது விரலைக் கொடுக்கிற வேலை. செயின்ல 120 லிங்க், பின் ஸ்ப்ராக்கெட்ல 40 பல்லுன்னு வச்சுக்குங்க. செயின் ஒரு சுத்து முடிக்க சக்கரம் 3 சுத்து சுத்தும். ஒவ்வொரு சக்கரச் சுத்துக்கும் டயர் கோட்டுலயே விறைச்சா, பின் ஸ்ப்ராக்கெட் வட்டமா ஓடலன்னு அர்த்தம். 3 சுத்துக்கு ஒரு தடவை, செயின் கோடு திரும்பி வரும்போது மட்டும் விறைச்சா, குத்தம் செயின்ல.

செயின்லன்னா உடனே மாத்திடாதீங்க. துரு பிடிச்சு, மடங்காம நிக்கிற லிங்க்கா இருக்கலாம். மண்ணெண்ணெய், மென்மையான பிரஷ், துணி போதும். ஓ-ரிங் செயின்னா பெட்ரோலும் கம்பி பிரஷும் வேண்டாம், ரப்பர் வளையம் போச்சுன்னா உள்ள இருக்கிற கிரீஸும் போச்சு. துடைச்சு, 80W-90 கியர் ஆயிலோ செயின் ஸ்ப்ரேயோ கீழ் வரிசையோட உள்பக்கம் விட்டு, ராத்திரி முழுக்க ஊற விடுங்க. ஓடும்போது ஆயில் வெளிப்பக்கமா வீசப்படும், அதனாலதான் உள்ள விடச் சொல்றது. காலையில திரும்ப அளந்து பாருங்க.

அதுக்கப்புறமும் விறைச்சா, தேய்மானத்தை அளந்துடலாம். செயினை இழுத்துப் பிடிச்சு, லிங்க்குகளை இணைக்கிற ஒரு பின்னோட மையத்துல இருந்து 21ஆவது பின்னோட மையம் வரைக்கும், அதாவது 20 லிங்க். 428ங்கிற அளவு செயின்ல இது புதுசுல 254 மில்லிமீட்டர், 520ல 317.5. ஏறக்குறைய 2 சதவீதம், அதாவது 259, 323ன்னு வந்துடுச்சுன்னா ஆயுள் முடிஞ்சது. ரெண்டு மூணு இடத்துல அளங்க, செயின் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி நீளாது. மாத்தும்போது செயினும் ரெண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேர்த்தே மாத்துங்க. தேஞ்ச பல்லுல புது செயினைப் போட்டா அதுவும் சீக்கிரம் நீண்டுடும். செயினோட ரெண்டு முனையையும் சேர்க்கிறது கிளிப் லாக்னா, கிளிப்போட மூடின முனை செயின் ஓடுற திசையைப் பார்க்கணும்.

ஸ்ப்ராக்கெட் மாத்துற வரைக்கும் ஓட்டியாகணும்னா, தொய்வை விறைப்பான இடத்துல வச்சு செட் பண்ணுங்க. லூஸான இடத்துல செட் பண்ணினா, விறைப்பான இடம் வர்றப்பல்லாம் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங்தான் அடி வாங்கும்.

மேனுவல் விஷயம். வண்டியோட வந்த ஓனர்ஸ் மேனுவல்லயே தொய்வும் அளக்கிற நிலையும் இருக்கும். தொலைஞ்சிருந்தா பல கம்பெனிகள் அவங்க வலைத்தளத்துலயே கொடுக்கிறாங்க. டார்க் (நட்டை எவ்வளவு இறுக்கணும்ங்கிற அளவு), தேய்மான எல்லை எல்லாம் சர்வீஸ் மேனுவல்ல. அது கிடைக்கலன்னா பார்ட்ஸ் கேட்டலாக் தேடுங்க. பலர் அதைச் சீந்துறதே இல்ல, ஆனா பிரிச்சு வரைஞ்ச படத்துல எந்த வாஷர் எந்தப் பக்கம்னு அதுலதான் தெளிவா தெரியும். தேடும்போது மாடல் பேரோட வருஷத்தையும் போடுங்க, ஒரே பேருல செயின் அளவு மாறின வண்டிகள் உண்டு. டார்க் எண்ணைப் பார்த்தா அலகையும் பாருங்க: 9 கிலோகிராம்-மீட்டர்னா 88 நியூட்டன்-மீட்டர். 9 நியூட்டன்-மீட்டர்னு படிச்சு ஆக்சில் நட்டை விட்டுட்டா, சக்கரம் ஓட்டத்துல நகரும்.

ஆக்சில் நட் முழுசா இறுக்கினதும் தொய்வைத் திரும்ப அளங்க, இறுக்கும்போது கொஞ்சம் மாறும். நட் கழலாம இருக்கக் குத்தியிருக்கிற காட்டர் பின் இருந்தா புதுசு போடுங்க. பின்னாடி டிரம் பிரேக்னா, சக்கரம் பின்னால போனதுல பிரேக் ராடு டைட் ஆகியிருக்கும். பெடல் ஆட்டத்தை சரி பண்ணிட்டு, சக்கரத்தைக் கையால சுத்தி உரசலப் பார்த்துட்டு வண்டியை எடுங்க.