ஓடை கெட்டியாச்சு, வெள்ளம் ஏன் போவல்ல? – நகராட்சி வேலைகளைக் கணக்குப் பார்ப்பது எப்படி

[திரை: மழை விட்ட காலை. புது கான்கிரீட் ஓடை, மேலே புது ஸ்லாப். ஒட்டியே ரோட்டில் கணுக்கால் மூழ்கத் தண்ணீர். ஒரு பாட்டா (தாத்தா) வேட்டியைத் தூக்கிப் பிடித்து நடக்கிறார்.]

மக்கா, இந்தப் படத்தைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. ஓடை புதுசு, ஸ்லாப் புதுசு, தண்ணி மட்டும் ரோட்ல நிக்குது. நாங்க வரைஞ்ச கற்பனைத் தெருதான் இது. ஆனா நம்ம கன்னியாகுமரி ஜில்லாவுல களியக்காவிளையில இருந்து ஆரல்வாய்மொழி வரைக்கும் யாருகிட்ட காட்டினாலும், "எங்க தெரு மாதிரில்லா இருக்கு"ன்னு சொல்லுவாங்க.

பாட்டா என்ன சொல்றாரு, கேளுங்க: "ஓடை கெட்டியாச்சு மக்கா. வெள்ளம்தான் போவல்ல." அதாவது ஓடை கட்டி முடிச்சாச்சு, தண்ணிதான் போகல.

அலுவலகக் கணக்குல இதே தெரு எப்படி இருக்கும்? மழைநீர் வடிகால் மொத்தம் 1,000 மீட்டர். முடிஞ்சது 900 மீட்டர். முன்னேற்றம் 90 சதவீதம். இதுல ஒரு எழுத்துகூட பொய் இல்ல. மிச்ச 100 மீட்டர் எங்க இருக்குன்னு பாருங்க. ஓடை போய் கால்வாயில விழ வேண்டிய கடைசி இடத்துல. அங்க ஒரு சின்னப் பாலத்தை உடைச்சுக் கட்டணும். அந்த ரோடு மாநகராட்சிக்குச் சொந்தமில்ல, நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தம். அனுமதி வரல. அப்போ கட்டி முடிச்ச 900 மீட்டர் என்னது? நீளமான ஒரு தொட்டி. கொசு வளர்க்கலாம்.

[திரை: "90%" என்ற எழுத்து தண்ணீரில் மிதக்கிறது.]

யாரு எதுக்குப் பொறுப்புங்கிறதுலயே நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒரு குழப்பம் உண்டு. திருவிதாங்கூர் காலத்துப் பழக்கத்துல எல்லாத்தையும் "மராமத்து"ன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டுப் போயிடுறோம். எல்லை தாண்டி கேரளத்துப் பாறசாலைக்குப் போனா, மாநில ரோடு பொதுமராமத்துத் துறை கையில. இந்தப் பக்கம் பொதுப்பணித் துறைன்னா முக்கியமா அரசுக் கட்டடம். மாநில ரோடு நெடுஞ்சாலைத் துறை, ஆறு குளம் கால்வாய் நீர்வளத் துறை. தெரு, ஓடை, தெருவிளக்கு எல்லாம் மாநகராட்சியோட பொறியியல் பிரிவு. நாகர்கோவில் 2019ல மாநகராட்சி ஆச்சு, 52 வார்டு. ஓடை ஒண்ணுதான், ஆனா அது கடலுக்குப் போறதுக்குள்ள மூணு துறையைத் தாண்டணும். வேலை நிக்கிறது பெரும்பாலும் இந்த எல்லைக் கோட்டுலதான்.

சரி, முன்னேற்றத்தை எதை வச்சு அளக்குறது? மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2008லயே நகரச் சேவைகளுக்கு அளவுகோல் போட்டு ஒரு கையேடு வெளியிட்டுச்சு. மொத்தம் 28 அளவுகோல். குடிதண்ணிக்கு ஒன்பது, கழிவுநீருக்கு ஒன்பது, குப்பைக்கு எட்டு. மழைநீர் வடிகாலுக்கு? ரெண்டே ரெண்டு. அந்த ரெண்டையும் தெரிஞ்சுக்கிட்டா இந்த வீடியோவுல பாதி முடிஞ்சுது.

முதல் அளவுகோல்: மொத்த ரோட்டு நீளத்துல எவ்வளவு தூரத்துக்கு வடிகால் இருக்கு? இலக்கு 100 சதவீதம். ரெண்டாவது: வருஷத்துல எத்தனை இடத்துல, எத்தனை தடவை தண்ணி தேங்குச்சு? இலக்கு பூஜ்யம். தேங்குறதுன்னா என்னன்னும் சொல்லியிருக்காங்க. ஏறக்குறைய 6 அங்குலத்துக்கு மேல தண்ணி, 4 மணி நேரத்துக்கு மேல நின்னு, போக்குவரத்து முடங்குறது.

முதல் எண் கூடணும், ரெண்டாவது எண் குறையணும். முதல் எண் மட்டும் கூடிக்கிட்டே போய், ரெண்டாவது அப்படியே நின்னா, கட்டின ஓடை எங்கேயோ முட்டிக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம். பேனர்லயும் செய்திக் குறிப்புலயும் வர்றது எப்பவும் முதல் எண்தான். ரிப்பன் வெட்டுறதுக்கு மீட்டர்தான் தோது. தண்ணி தேங்காத இடத்துல நின்னு எந்த ரிப்பனை வெட்ட முடியும்?

ரெண்டாவது எண்ணை நீங்களே எடுக்கலாம். மழை விட்டதும் ஒரு போட்டோ, நாலு மணி நேரம் கழிச்சு அதே இடத்துல இன்னொரு போட்டோ. பக்கத்துல ஒரு ஸ்கேல் இல்லன்னா செங்கல் இருந்தா போதும். ஒரு மழைக்காலம் முழுக்க எடுத்து வச்சா, அந்த ஆல்பத்தை யாராலயும் "கவனிக்கிறோம்"னு சொல்லி மூடி வைக்க முடியாது.

[திரை: நாட்காட்டி. ஒரு தேதி அழிக்கப்பட்டு வேறு தேதி எழுதப்படுகிறது. திரும்பவும் அழிக்கப்படுகிறது.]

அடுத்தது தேதி. பணி ஆணையில "இத்தனை மாசத்துல முடிக்கணும்"னு இருக்கும். முடியலன்னா கால நீட்டிப்பு. நியாயமான காரணம் இருந்தா தப்பில்ல. சிக்கல் எங்கன்னா, புதுத் தேதி வந்ததும் பழைய தேதி அறிக்கையில இருந்து காணாமப் போயிடும். மார்ச்சுல முடிய வேண்டிய வேலை டிசம்பர்ல முடிஞ்சா, "உரிய காலத்தில் முடிந்தது"ன்னு எழுத வாய்ப்பு உண்டு. அதனால முதல் தேதி என்னன்னு கேட்டு, எழுதி வச்சுக்குங்க.

இதுல நம்ம ஜில்லாவுக்குன்னு ஒரு தனிக் கதை இருக்கு. மதுரைக்காரங்களுக்கு பெரிய மழை ஐப்பசி கார்த்திகையிலதான். நமக்கு இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) உண்டு, துலாவர்ஷமும் (வடகிழக்குப் பருவமழை) உண்டு. ஜூன்ல ஆரம்பிச்சா டிசம்பர் வரைக்கும் ஈரம் விடாது. ஈரத் தரையில தார் ஒட்டாது. ஆக, ரோடு போட நமக்குத் தோதான காலம் ஜனவரியில இருந்து மே வரைக்கும்தான். மே கடைசியில பணி ஆணை கொடுத்துட்டு "மழையால் தாமதம்"னு சொன்னா, இடவப்பாதி என்ன சொல்லாம கொள்ளாமலா வருது?

இனி காகிதம். ஒரு வேலைக்குப் பின்னாடி நாலு காகிதம் இருக்கும்: மதிப்பீடு, டெண்டர், பணி ஆணை, எம் புக். முதல் மூணுல இருக்கிறது செய்யப்போறது. எம் புக்ல இருக்கிறதுதான் செஞ்சது. பொறியாளர் இடத்துக்கு வந்து நீளம், அகலம், ஆழம் அளந்து எழுதுற அளவுப் புத்தகம் அது. மேலதிகாரி சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பில் பாஸ் ஆகும். மதிப்பீட்டுல ஓடை ஆழம் 3 அடி, எம் புக்லயும் 3 அடி, ஸ்லாப்பைத் தூக்கிக் கம்பை விட்டா 2 அடின்னா, பேச வேண்டிய விஷயம் கையில கிடைச்சாச்சு.

ரோடுன்னா இன்னொரு சின்ன வேலை. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புதுசு போடணும்னு 2021ல அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். இல்லன்னா ஒவ்வொரு தடவையும் ரோடு உசரும், வீடு தாழும். வேலை தொடங்குறதுக்கு முன்னாடி உங்க காம்பவுண்டு சுவர்ல ரோட்டு மட்டத்துக்கு ஒரு பெயிண்ட் கோடு போட்டு வையுங்க. முடிஞ்ச பிறகு கோடு தெரியுதான்னு பாருங்க. அவ்வளவுதான் ஆய்வு.

இந்த விஷயத்துல அந்தப் பக்கத்துக்காரங்க ஒரு நல்ல காரியம் பண்ணினாங்க, ஒத்துக்கிட்டுதான் ஆகணும். 2021 கடைசியில கேரள பொதுமராமத்துத் துறை ரோட்டோரமா போர்டு வைக்க ஆரம்பிச்சுது. ரோடு கெட்டா ஒப்பந்தக்காரரே சொந்தச் செலவுல சரி பண்ண வேண்டிய காலம் எது வரைக்கும், அவர் யாரு, பொறியாளர் யாரு, போன் நம்பர் என்ன, எல்லாம் அதுல இருக்கும். நம்ம பக்கம் நெடுஞ்சாலைத் துறைக்கு 2023ல 'நம்ம சாலை' செயலி வந்துது. பள்ளத்தைப் போட்டோ எடுத்து அனுப்பலாம். செயலி நல்லதுதான். ஆனா போர்டைப் பாட்டாவும் படிப்பார்.

[திரை: ஒரு வெள்ளைத் தாள். கை எழுதுகிறது.]

நம்ம தெருவுல போர்டு இல்லன்னா தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கு. 2(ஜெ) பிரிவை நிறைய பேர் கவனிக்கிறதில்ல. காகித நகல் மட்டுமில்ல, நடக்குற வேலையையே நேர்ல பார்வையிடலாம், குறிப்பு எடுக்கலாம், பொருளோட சான்றளிச்ச மாதிரி கேக்கலாம். "ஏன் வேலை முடியல?"ன்னு எழுதாதீங்க, பதில் கதையா வரும். இப்படி எழுதுங்க: "இந்தத் தெரு வடிகால் பணியின் பணி ஆணை நகல், முதலில் நிர்ணயித்த முடிவுத் தேதி, கால நீட்டிப்பு ஆணைகளின் நகல், எம் புக் பக்கங்களின் நகல், ஓடை எந்தக் கால்வாயில் சேர்கிறது என்பதைக் காட்டும் வரைபடம்." பதிலுக்கு 30 நாள். வரலன்னா முதல் மேல்முறையீட்டுக்கு இன்னொரு 30 நாள்.

பதில் வந்ததும் எங்க கொண்டு போறது? நவம்பர் 1க்கு. 1956ல நாம தமிழ்நாட்டோட சேந்த நாள், அந்தப் பக்கம் கேரளப் பிறவி, அதாவது கேரள மாநிலம் பிறந்த நாள். 2022ல இருந்து இங்க உள்ளாட்சி தினமும் அதுதான். அந்த வருஷம் அதே நாள்ல நகரங்கள்ல பகுதி சபைக் கூட்டமும், அதாவது வார்டுக்குள்ள ஒவ்வொரு பகுதி மக்களும் கூடுற கூட்டமும் நடந்துது. உங்க பகுதி சபை கூடும்போது கவுன்சிலர் முன்னாடி ரெண்டே தாளை வையுங்க: எம் புக் நகல் ஒண்ணு, செங்கல் வச்சு எடுத்த போட்டோ ஒண்ணு. அந்தக் கடைசி 100 மீட்டருக்கு அனுமதி கேட்டு நெடுஞ்சாலைத் துறைக்கு எந்தத் தேதியில கடிதம் போச்சுன்னு மட்டும் கேளுங்க. பதிலைத் தேதியோட தீர்மானப் புத்தகத்துல எழுதச் சொல்லுங்க.

தகவல் உரிமை மனுவுக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டணும். கோர்ட் பக்கத்துல கிடைக்கும்.

[திரை: பாட்டா ஸ்லாப்பின் ஓட்டைக்குள் கம்பை விட்டு ஆழம் பார்க்கிறார்.]