கட்டாரியும் சுருள்வாளும்: மேசை ஆட்டத்துக்கு ஆயுத விதி எழுதும் முறை

(காட்சி: மேசை மீது இருபது முகப் பகடை, அருகே கட்டாரியின் கோட்டோவியம்.)

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற கதாபாத்திர ஆட்டங்களுக்குப் புதிய ஆயுதம் சேர்ப்பவர்களில் பலர், முதலில் அதன் சேதப் பகடையைத்தான், அதாவது அடி பட்டால் எவ்வளவு சேதம் என்று தீர்மானிக்கும் பகடையைத்தான், பெரிதாக்குகிறார்கள். அப்படிச் செய்தால், எத்தனை பெயர் சூட்டினாலும் எல்லா ஆயுதமும் ஒரே வாளாகவே ஆடப்படும். ஆயுதத்தை எப்படிப் பிடிக்கிறார்கள், அதன் விசை உடலின் எந்தப் பகுதியிலிருந்து புறப்படுகிறது, ஏந்தியவருக்கே அது எப்போது தடையாகிறது என்பவற்றிலிருந்துதான் விதி பிறக்க வேண்டும். கட்டாரி என்னும் குத்துக்கத்தி, சுருள்வாள் ஆகிய தென்னிந்திய ஆயுதங்கள் இரண்டைக் கொண்டு இதை விளக்குகிறேன்.

(காட்சி: கட்டாரியின் பிடி, அண்மையில்.)

கட்டாரியின் இணையான இரு பக்கத் தண்டுகளுக்கு நடுவே உள்ள குறுக்குக் கம்பிகளை மூடிய கையால் பற்றும்போது, அலகு முன்கையின் நீட்சியாக நிற்கிறது. ஆகவே குத்தும் வேளையில் தோளின் வலு மணிக்கட்டில் சிதறாமல் நேரே நுனியைச் சென்றடைகிறது. சங்கிலிக் கவசத்தைத் துளைப்பதற்காகப் பல கட்டாரிகளின் நுனி தடிப்பாக்கப்பட்டிருந்தது. தஞ்சாவூர்க் கட்டாரிகளிலோ புறங்கையை மறைக்கும் பாய் வடிவத் தகடும் உண்டு. அவற்றில் சில, ஐரோப்பிய வாள்களின் அலகைப் பொருத்திச் செய்யப்பட்டவை. மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசின்றி மறைந்த பின், தஞ்சை அரண்மனையின் ஆயுதசாலை கலைக்கப்பட்டது. அங்கிருந்தவற்றுள் சிறந்தவை அருங்காட்சியகங்களுக்குச் சென்றன. ஏராளமானவை பழைய இரும்பாக உடைக்கப்பட்டன என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் எஞ்சியிருப்பவற்றை, விதி எழுதும் எவரும் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும்.

2003-இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 3.5 பதிப்பு இந்த வகை ஆயுதத்தைச் சரியாகவே புரிந்துகொண்டது. அதன் சேதம், குறுவாளைப் போலவே, நான்கு முகப் பகடை ஒன்றுதான். ஆனால் தாக்கும்போது உருட்டும் இருபது முகப் பகடையில் குறுவாளுக்கு 19 அல்லது 20 விழுந்தால் உயிர்நிலை அடிக்கான வாய்ப்புக் கிடைத்து, சேதம் இருமடங்காகும். குத்துக்கத்திக்கோ 20 மட்டுமே வாய்ப்பு, ஆனால் சேதம் மும்மடங்கு. அரிதாக அமைந்தாலும் ஆழமாக இறங்கும் குத்து என்பதை எண்களே சொல்லிவிடுகின்றன. இதனோடு நான் இரண்டு விதிகளைச் சேர்ப்பேன்: கையிலிருந்து தட்டிவிடுவது கடினம், எறிவதற்குப் பயன்படாது.

(காட்சி: சுழலும் சுருள்வாள், மெதுவான அசைவில்.)

கேரளத்தின் போர்க்கலையான களரிப்பயிற்றில் உறுமி எனப்படும் சுருள்வாள் இதற்கு நேர் எதிரானது. இடுப்பில் கச்சையாகச் சுற்றிக்கொள்ளும் அளவுக்கு வளையும் அந்த எஃகுப் பட்டையால் குத்த முடியாது. சுழற்சி நின்றுவிட்டால் அது வெறும் தகடுதான். எனவே முதல் சுற்றில் சுழற்றத் தொடங்குவதற்கே ஒரு செயலைச் செலவிட வேண்டும் என்றும், வீரர் கீழே விழுந்தாலோ பிடிக்கப்பட்டாலோ அந்தச் செயலை மீண்டும் செலவிட வேண்டும் என்றும் விதியுங்கள். கேடயத்தின் விளிம்பைத் தாண்டி அலகு வளைந்து இறங்குவதால், 2014-ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பில் கேடயம் தரும் 2 கவசப் புள்ளிகளை இதற்கு எதிராகக் கணக்கில் கொள்ள வேண்டாம். தாக்கும் பகடையில் 1 விழுந்தால், சேதம் வீரரையோ அருகில் நிற்கும் தோழரையோ சேரட்டும். குறுகிய சுரங்கப் பாதையில் இதைப் பயன்படுத்தவே அனுமதிக்காதீர்கள். இத்தனை கட்டுப்பாடுகளுக்குப் பிறகு சேதத்துக்கு ஆறு முகப் பகடை ஒன்று தாராளமாகப் போதும்.

மூன்றாம் பதிப்பு அயல் ஆயுதம் என்று பிரித்துவைத்தவற்றைத் தேர்ச்சியோடு ஏந்தத் தனித் திறன் ஒன்றைச் செலவிட வேண்டும். களரியில் மற்ற ஆயுதங்களெல்லாம் கைவந்த பிறகே கற்பிக்கப்படும் சுருள்வாளுக்கு அந்த விலை பொருந்தும். ஆனால் உங்கள் கதை 16-ஆம் நூற்றாண்டு விஜயநகரத்தில் நடக்கிறது என்றால், அங்கு இடுப்பில் செருகியிருக்கும் கட்டாரிக்கு அதே விலையைக் கேட்பது நியாயமாகாது. அதைச் சாதாரண ஆயுதங்களின் பட்டியலில் எழுதிவிட்டு, கடல் கடந்து அந்த ஊருக்கு வந்து சேரும் போர்த்துகீசிய ரேப்பியர் என்னும் மெல்லிய குத்து வாளை அயல் ஆயுதமாக வையுங்கள்.